மேளத்துக்கும் எரியும் விளக்கு

உங்கள் வீட்டுச் சமையல் மேடையில் இன்று மத்தியானம் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன். ஈயத்தோடு சேர்ந்து அந்தக் குங்கிலியப் பசை உருகி, மெல்லிய வெள்ளைப் புகை எழுந்து ஜன்னல் பக்கம் போயிற்று. கூடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்த மாமி திரும்பாமலே கேட்டார்: "யாருடி இந்த வேளையில சாம்பிராணி போடறது?"

அம்மாவுக்குக் காது போன பிறகு மூக்கு இரண்டு ஆள் வேலை செய்கிறது என்று நீ சொல்வாயே, அது உண்மைதான். நான் எழுந்துபோய் அவர் முன்னால் நின்று கையிலிருந்த ஒயரைக் காட்டினேன். "கொல்லைக்கும் ஒரு விளக்கு மாமி" என்று உதட்டை அகலமாக அசைத்துச் சொன்னேன். "பண்ணு, பண்ணு. துணி உலர்த்தறச்சே யார் வந்தாலும் தெரியும்" என்று மறுபடி கறிவேப்பிலைக்குத் திரும்பிவிட்டார்.

அந்த வாசனைக்கு எனக்கு உன்னைத் தவிர வேறு முகம் கிடையாது. கல்லூரி ஆய்வகத்தில் புகை மூக்கில் ஏறாமல் இருக்க நாங்கள் எல்லோரும் தலையைத் திருப்பிக்கொள்வோம். நீ மட்டும் குனிந்து முகர்ந்துவிட்டு, "இதை மோந்தா எனக்குப் பசிக்கறதுடி" என்பாய். நீ போன பிறகு வந்த மாதங்களில் நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்கள் சால்டர் செய்யும் நேரத்துக்கு வெளியே போய் வராந்தாவில் நிற்பேன். இன்று அந்தப் புகை என்னை ஒன்றும் செய்யவில்லை. எனக்கும் பசித்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாமி இந்த வீட்டிலேயே இருக்கலாமா, இல்லை உன் அண்ணாவோடு புனேவுக்குப் போயாக வேண்டுமா என்பது ஒரு அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. உன் பெட்டி. நீ முடிக்காமல் விட்டுப்போனது. அதை எப்படித் திறந்தேன் என்று சொல்ல வேண்டுமானால், நம் போட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

போட்டி என்ற பெயர்தான் பெரிது. பாலக்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபம், வாடகை நாற்காலிகள், நீ, நான், இரண்டு மூன்று நண்பர்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கும் ஒருவருடைய பெயரைச் சொல்லுங்கள், அவருக்கு உதவும் மின்னணுக் கருவி ஒன்றை யோசித்துச் சொல்லுங்கள். நல்ல யோசனைகளுக்கு நாங்கள் சாமான்கள் அடங்கிய கிட் தருவோம். சில மாதம் கழித்துச் செய்துகொண்டு வந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான். திருவெறும்பூரில் கன்ட்ரோல் பேனல் செய்யும் சிறு கம்பெனியில் நீ நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, அந்த அலுப்போடு இதற்கு அறிவிப்பு எழுதுவாய். "படிச்சவா படிக்காதவா எல்லாரும் வரட்டும். ஒயரைத் தொடற பயம் போனாலே போதும்" என்பாய்.

முதல் வருடத் தொடக்க விழா நினைவிருக்கிறதா? நம் ஊர் வழக்கப்படி குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை. தேர்வான ஒவ்வொருவரையும் மேடைக்குக் கூப்பிட்டோம். ஜிகினாத் தாள் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டிய கிட் பெட்டியைச் சிறப்பு விருந்தினர் கையால் கொடுத்தோம். குடும்பம் குடும்பமாக வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. அன்றைக்கு நீ பட்டுப்புடவை கட்டியிருந்தாய். கைதட்டல் ஓயவே இல்லை.

கருவிகளைக் காட்டும் நாளும் வந்தது. மேசைகளுக்கு வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய அட்டை வைத்திருந்தோம். பெரிய பிளாஸ்க்குகளில் டீ வந்தது. கூடை நிறைய வெங்காய பஜ்ஜி வந்தது. ஆட்கள்தான் வரவில்லை. மண்டபத்தின் ஒரு மூலையில் இரண்டே இரண்டு பேர் தங்கள் கருவிகளை வைத்துக்கொண்டு, தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்ற மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மற்றவர்களுக்குப் போன் போட்டேன். "பரீட்சை மேடம்." "அத்தை பொண்ணு கல்யாணம் மேடம், மண்டபத்துலதான் இருக்கேன், மேளம் கேக்குதுங்களா?" "அடுத்த வாரம் கண்டிப்பா கொண்டாந்து தந்துடறேங்க." சிலர் எடுக்கவே இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீ ஒரு பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு காலி மேசைகளைச் சுற்றிச் சுற்றி வந்தாய்.

"இத்தனை பஜ்ஜியை யாருடி சாப்பிடறது?"

"உனக்கு அதுவா கவலை?"

"வேற எதைப் பத்திக் கவலைப்பட்டாலும் அழுதுடுவேன். அதனால இது."

மறுவாரம் நீ ஸ்கூட்டரை எடுத்தாய். வராதவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்போம் என்றாய். எனக்குக் கூச்சமாக இருந்தது, கடன் வசூலிக்கப் போகிற மாதிரி. "திட்டப் போறதில்லடி, ஏன்னு கேக்கப் போறோம், அவ்வளவுதான்" என்றாய்.

முதலில் போனது திருவெறும்பூரில் ஸ்டெல்லா வீட்டுக்கு. தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பில் சின்ன வீடு. பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமனார், குரல் எழும்பாததால் தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கூப்பிட முடியாமல் கிடக்கிறார். அவர் கையருகே ஒரு பட்டன், அடுப்பங்கரையில் ஒரு மணி. அதுதான் ஸ்டெல்லாவின் யோசனை. அந்த வருடம் வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

நம்மைப் பார்த்ததும் ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்தது. குற்ற உணர்ச்சி கொஞ்சமும் இல்லை. "வாங்க மேடம், வாங்க! ஏங்க, யார் வந்திருக்காங்க பாருங்க" என்று கணவரைக் கூப்பிட்டாள். டீ போடச் சொன்னாள். கண்ணாடி ஷோகேஸில் மகன் வாங்கிய கோப்பைகள், வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த சங்கு, கல்யாண போட்டோ. நடு அடுக்கில், தனியாக, ஜிகினாத் தாள் கசங்காமல், ரிப்பன் அவிழாமல் நம் பெட்டி. பக்கத்தில் பத்திரிகையில் வந்த படம் பிரேம் போட்டு வைத்திருந்தது.

நீ அதன் அருகே போய்க் குனிந்து பார்த்தாய். "பிரிக்கவே இல்லையா ஸ்டெல்லா?"

"பிரிச்சா பழசாயிடுமே மேடம்" என்றாள், இதைக்கூட விளக்க வேண்டுமா என்பது போல. "எனக்கு இதுவரைக்கும் யாரும் மேடையில வெச்சு எதுவும் குடுத்ததில்ல. எங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு, தூசி படாம உள்ள வைன்னு."

உள்ளறையில் அந்தப் பெரியவர் கட்டில் சட்டத்தை விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அடுத்தது முசிறி. வாழைத்தோப்புக்கு நடுவே வீடு. அங்கே பெட்டி பூஜை அலமாரியில் இருந்தது. நான்கு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைக்கிறார்களாம். அந்த வீட்டு அம்மா பெட்டியைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு மறுபடி அலமாரியில் வைத்தாள். நீ அதற்கு ஒரு கும்பிடு போட்டாயே, அதை நான் மறக்கவே மாட்டேன்.

திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரை ஓரம் கட்டினாய். அழப்போகிறாய் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "கன்ட்ரோல் போர்டுக்குக் குங்குமம்! நான் கும்பிட்டுட்டும் வந்திருக்கேன்டி!" எனக்கும் தொற்றிக்கொண்டது. பாலத்தில் போன ஒரு பஸ் டிரைவர் ஹாரன் அடித்து நம்மை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து முடித்த பிறகு சொன்னாய்: "அவா யாரும் ஏமாத்தல. நாமதான் தலைகீழாப் பண்ணியிருக்கோம். முடிச்சாக் குடுக்க வேண்டிய பொன்னாடையை ஆரம்பிக்கறச்சேயே போத்திட்டோம். அவாளைப் பொறுத்தவரை போட்டி அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. ஜெயிச்சாச்சு. இனிமே என்ன பண்ணணும்?"

அடுத்த வருடம் மேடை இல்லை. விருந்தினர் இல்லை. சாமான்களைப் பழைய செய்தித்தாளில் கடலைப் பொட்டலம் மாதிரி மடித்து நீயே விநியோகித்தாய். பளபளவென்று எதிர்பார்த்து வந்தவர்களின் முகம் சுருங்கியது. "இதைப் பூஜையில வெக்க முடியாது, அதுக்குத்தான்" என்றாய். அதோடு ஒரு சட்டம் போட்டாய்: பொட்டலம் வாங்கியவர்கள் அங்கேயே உட்கார்ந்து முதல் இணைப்பைச் சூடாக்கி ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். "எதையாவது கெடுத்துட்டுப் போங்கோ. கெட்டுப்போன சாமானை யாரும் ஷோகேஸ்ல வெக்க மாட்டா." விரலைச் சுட்டுக்கொண்டவர்களுக்குத் தடவ நீ கொண்டுவந்த மருந்து ட்யூப் அன்றைக்கே தீர்ந்துபோயிற்று.

காட்டும் நாளில் பாதியில் நின்றுபோனவற்றுக்கென்று தனி மேசை ஒன்றும் போட்டாய். செய்தவரை கொண்டுவாருங்கள், எங்கே நின்றது என்று சொல்லுங்கள், மற்றவர்கள் யோசிப்பார்கள். அந்த மேசைதான் எப்போதும் நிரம்பியது. அப்படியும் எல்லோரும் வந்துவிடவில்லை. பொட்டலத்தோடு காணாமல் போனவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. ஆனால் பச்சைமலையிலிருந்து வந்த அந்த வாத்தியாரை நினைத்துப்பார். பஸ் தவறி, அவர் வந்து சேர்ந்தபோது மண்டபத்தைப் பூட்டிவிட்டோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் தன் பாதிக் கருவியைப் பரப்பி வைத்துக்கொண்டு, "இதுக்கு மேல எனக்குப் போக மாட்டேங்குதுங்க" என்றார். நீ புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாய். டீக்கடைக்காரர் தன் பிளக்கைக் கழற்றி நமக்குக் கொடுத்தார்.

அந்த மேசையில் ஒவ்வொரு வருடமும் ஒரு பெட்டி உன்னுடையது. அதைச் சொல்லி நான் உன்னைச் சீண்டாத வருடம் கிடையாது.

மாமிக்காக நீ செய்துகொண்டிருந்த வாசல் விளக்கு அது. கோவிலைச் சுற்றி வரும் உங்கள் உத்திர வீதியில் யாரும் அழைப்புமணியை அழுத்துவதில்லை; கதவைத் தட்டுவார்கள், நாதாங்கியை ஆட்டுவார்கள், "மாமீ" என்பார்கள். இவற்றில் எதுவும் மாமிக்குக் கேட்காது. காதுக்கருவி விசில் அடிக்கிறது என்று எப்போதோ கழற்றி ஸ்டோர் அறை டப்பாவில் போட்டுவிட்டார். உன் அண்ணா ஆன்லைனில் வாங்கி அனுப்பிய பளிச்சிடும் மணியையும் மிக்ஸி போடப் பிளக் வேண்டும் என்று பிடுங்கிவிட்டார். அதனால் நீ யோசித்தாய்: பட்டனே வேண்டாம், கதவின் உள்பக்கம் அதிர்வை உணரும் ஒரு சின்ன வில்லை. கதவு அதிர்ந்தால் கூடத்திலும் சமையலறையிலும் விளக்கு விட்டு விட்டு எரியும்.

அது முதல் வருடமே வேலை செய்தது. அதுதான் வேடிக்கை. உன்னை நிறுத்தியது மேளம். உற்சவக் காலத்தில் பெருமாள் வீதி வலம் வரும்போது மேளமும் முரசும் அந்தப் பழைய கதவை அதிரவைத்தன. வாசலில் யாரும் இல்லாமலே விளக்கு எரிந்தது. மாமி கோவிலுக்குப் போன ஒரு நாளில் சோதித்துவிட்டு வந்து தலையில் கைவைத்துக்கொண்டாய். தட்டுவது எது, மேளம் எது என்று அது பிரித்துச் சொல்ல வேண்டும் என்றாய். அதற்கு ஒரு மைக் சேர்த்தாய். பிறகு இன்னொரு போர்டு. பிறகு கேமரா. பெட்டி பெரிதாகிக்கொண்டே போயிற்று.

"எல்லாருக்கும் சொல்றியே, ஒரே ஒரு வேலை செஞ்சா போதும்னு. நீ?" என்று கேட்டேன்.

"பால்காரர் ஆதி தாளத்துல தட்டறார்டி. அவரையும் மேளத்தையும் நான் எப்படிப் பிரிக்கறது?"

"இப்படியே மாமிகிட்ட குடுத்துடேன்."

"அம்மாகிட்ட தப்பா எரியற விளக்கைக் குடுப்பேனா? ஒண்ணுமில்லாததுக்கு எழுந்து எழுந்து வாசலுக்கு நடப்பா. முழுசா முடிச்சுட்டுதான் காட்டுவேன்."

யாருக்குச் செய்கிறோமோ அவரிடம் பாதியிலேயே போய்க் காட்டுங்கள் என்பது நீ போட்டியில் எல்லோருக்கும் சொன்னது. உன் அம்மாவிடம் மட்டும் நீ காட்டவே இல்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்றாய். பிறகு உடம்பு படுத்திவிட்டது.

காரியங்களெல்லாம் முடிந்து சில நாள் கழித்து மாமி என்னைக் கூப்பிட்டு, "அவளோட சாமான், உனக்குத்தான் புரியும்" என்று அந்தப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே என்ன, யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்து, மாதா படத்துக்குக் கீழே இருக்கும் தட்டில் வைத்தேன். படத்துக்கு மாலை மாற்றும்போதெல்லாம் பெட்டியின் மேலும் ஒரு பூ வைப்பேன். அதைத் திறந்தால் உன் கை கடைசியாகத் தொட்டதெல்லாம் கலைந்துபோகும் என்று இருந்தது.

போன ஐப்பசியில் மாமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்க, காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் தட்டிப் பார்த்துவிட்டு ஏதோ ஆகிவிட்டது என்று தெருவையே கூட்டிவிட்டார். கதவை உடைக்கப் போகும் நேரத்தில் மாமி எழுந்து வந்து, "என்ன, எல்லாரும் இங்க நிக்கறேள்?" என்று கேட்டாராம். செய்தி புனேவுக்குப் போயிற்று. உன் அண்ணா எனக்குப் போன் செய்தார். "இனிமே ரிஸ்க் எடுக்க முடியாதும்மா. தை பொறந்ததும் வந்து அழைச்சுண்டு போயிடறேன். வீட்டைப் பூட்டிடலாம்." மாமியிடம் கேட்டேன். "எனக்கென்ன, பிள்ளை கூப்பிட்டாப் போகவேண்டியதுதான்" என்றார். சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று முழுக்க அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் உதடு சொல்வதைப் படிக்கவும் அவருக்கு விருப்பம் இல்லை.

அந்த வாரம்தான் ஸ்டெல்லா என் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய மணி இரண்டாவது வருடமே முடிந்துவிட்டது உனக்குத் தெரியும். இப்போது அவள் தெருவில் படுக்கையில் கிடக்கும் இன்னும் சிலருக்கும் செய்து கொடுக்கிறாள். மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் பற்றிக் கேட்க வந்தவள், மாதா படத்தைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டாள். கீழே பெட்டியைப் பார்த்தாள். அதன் மேல் இருந்த சாமந்தியைப் பார்த்தாள்.

"என்ன மேடம், நீங்களும் ஷோகேஸ்ல வெச்சுட்டீங்களா?"

பாலத்தில் நீ சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. கும்பிட்டுட்டும் வந்திருக்கேன்டி என்ற குரலோடு. நானும் சிரிக்க ஆரம்பித்தேன், கண்ணில் நீர் வரும்வரை. ஸ்டெல்லா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டுப் பூவை எடுத்து மாதாவுக்கே வைத்தேன். பெட்டியைத் தரையில் இறக்கினேன்.

"முதல்ல எதையாவது கெடுத்துடுங்க மேடம்" என்றாள் ஸ்டெல்லா. "அந்த மேடம் அப்படித்தானே சொல்லுவாங்க."

கேமராவைக் கழற்றினேன். மைக்கைக் கழற்றினேன். நீ ராப்பகலாக எழுதிய நிரல் இருந்த இரண்டாவது போர்டைக் கழற்றும்போது கை தயங்கியது. ஸ்டெல்லா கத்தரியை நீட்டினாள். கடைசியில் மிஞ்சியது உன் முதல் வருட யோசனை மட்டும்: ஒரு வில்லை, ஒரு சின்ன போர்டு, விளக்குகள், கரண்ட் போனால் எரிய ஒரு பேட்டரி. மேளத்துக்கு என்னிடம் பதில் இல்லை. உனக்கே கிடைக்காதது எனக்கா கிடைக்கும்? தப்பாகச் சில நாள் எரிந்தால் எரியட்டும், எரியாமலே இருப்பதைவிடப் பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தை உற்சவம் நடந்துகொண்டிருக்கும்போதே உன் அண்ணா வந்துவிட்டார், மாமிக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டு. அதற்கு முந்தின நாள்தான் நானும் ஸ்டெல்லாவும் கதவில் வில்லையை ஒட்டிவிட்டுப் போயிருந்தோம். அவர் நம்பவில்லை. நம்பவில்லை என்பதற்காகவே மூன்று தடவை வெளியே போய்க் கதவைத் தட்டினார். மூன்று தடவையும் மாமி சமையலறையிலிருந்து வந்து திறந்தார். மூன்றாவது தடவை, "உள்ள வரப்போறியா, இப்படியே விளையாடிண்டிருக்கப்போறியா?" என்றார். உன் அண்ணாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை நம்பி எப்படி விட்டுட்டுப் போறது? ஒரு வாரம் ஒழுங்கா ஓடுமா?" என்று கேட்டார். ஓடும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு மேளம் ஞாபகம்.

அன்று சாயங்காலமே அது நடந்தது. கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. உன் அண்ணா எழுந்துபோய்க் கதவைத் திறந்து இரு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். "யாரும் இல்லியே?" மறுபடி எரிந்தது. நிற்கவே இல்லை. எனக்குத் தூரத்தில் மேளம் கேட்டது.

"இதான் நான் சொன்னேன்" என்றார் உன் அண்ணா. கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். "வயசானவா இதை நம்பி எழுந்து எழுந்து..."

"அது மேளம்ணா. வீதியில மேளம் வந்தா கதவு அதிரும். அவளாலயும் அதை நிறுத்த முடியல" என்றேன்.

விளக்கைப் பார்த்து மாமியும் சமையலறையிலிருந்து வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். யார் என்று கையால் கேட்டார். நான் அவர் அருகில் போய், "யாரும் இல்ல மாமி. மேளம். பெருமாள் புறப்பாடு. அதுக்கும் தப்பா எரியறது" என்று சொன்னேன்.

மாமி இன்னும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது புரியவில்லையோ என்று மறுபடி சொல்லப்போனேன்.

"பெருமாள் ஏள்றாரா? இப்பவா?" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்காததால் வீடு முழுக்க ஒலித்தது. "அதுக்கு இது எரியறதா?"

அடுத்து அவர் ஓடியதைப் பார்த்தால் நீ நம்பமாட்டாய். முகம் கழுவி, புடவையைச் சரிசெய்து, தட்டில் கற்பூரம் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். பெருமாள் இன்னும் தெருமுனை திரும்பவில்லை. முன்னால் வரும் யானை மட்டும் தெரிந்தது. மாமி கையில் தட்டோடு காத்துக்கொண்டிருந்தார்.

"எதிராத்து ஜானகி இருந்தவரைக்கும் அவ வந்து கையைப் பிடிச்சு இழுத்துண்டு போவா" என்றார் எங்களைப் பார்க்காமலே. "அவ வீட்டை வித்துட்டுப் போனப்புறம் எனக்கு யார் சொல்றா? வாசலுக்கு வந்து பார்த்தா ரோட்டுல பூவும் யானைச் சாணியும் கிடக்கும். ஏளிட்டுப் போயிட்டார்னு தெரிஞ்சுப்பேன். அதுக்குன்னு தினம் வாசல்லயேவா உக்காந்திருக்க முடியும்?"

உன் அண்ணா அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். மேளம் நெருங்கியது. உள்ளே கூடத்திலும் சமையலறையிலும் விளக்கு விடாமல் எரிந்து அணைந்துகொண்டிருந்தது, அதைப் பார்க்க வீட்டில் யாரும் இல்லாமல்.

புறப்பாடு கடந்துபோன பிறகு மாமி உள்ளே வந்து என் கன்னத்தை வழித்தார். "இதை யாருடி பண்ணினா? நீயா?"

உன் பெயரைச் சொன்னேன். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. மாமிக்கு அதுவே போதுமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "மேளத்துக்கு எரியாம பண்ணணும்னுதான் இத்தனை வருஷம் முடிக்காம வெச்சிருந்தா" என்று அவருக்குச் சொன்னேன். மாமி மூக்குத்தியைத் தொட்டுக்கொண்டு யோசித்தார். "அசடு" என்றார். "என்னைக் கேட்டிருக்கப்படாதோ?" பிறகு தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் அண்ணாவுக்குத் தோசை வார்க்கப் போனார்.

உன் அண்ணா தனியாகத்தான் ஊருக்குப் போனார். மாமியின் டிக்கெட்டை அன்று ராத்திரியே ரத்து செய்துவிட்டார். "அடுத்த உற்சவத்துக்கு வந்து பார்க்கறேன், ஓடறதான்னு" என்றார். ஓடுகிறதா என்று பார்க்கவா வருவார்? கற்பூரத் தட்டோடு நிற்கும் அம்மாவைப் பார்க்கத்தான் வருவார். வரட்டும்.

இப்போது மாசி. இந்த வருடப் போட்டிக்கு அறிவிப்பு எழுதிவிட்டேன். உன் பெட்டியிலிருந்து கழற்றிய மைக்கையும் கேமராவையும் இரண்டாவது போர்டையும் செய்தித்தாளில் தனித்தனிப் பொட்டலமாக மடித்து வைத்திருக்கிறேன், யாருக்குத் தேவையோ அவர்களுக்கு. பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். முன்பு அதை நினைத்துத் தூக்கம் கெடும். இப்போது அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. எது நிறுத்தியது என்று கேட்கலாம். யாருக்குச் செய்கிறார்களோ அந்த மனிதரிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம். ஸ்கூட்டர் ஓட்ட ஸ்டெல்லா இருக்கிறாள்.

கொல்லை விளக்கை மாட்டி முடித்துவிட்டு இன்று சாயங்காலம் கிளம்பினேன். கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கியவள் திரும்பி வந்து, எந்த வேலையும் இல்லாமல், நாதாங்கியைப் பிடித்து ஒரு தடவை ஆட்டினேன். ஜன்னல் வழியாகக் கூடத்துச் சுவரில் வெளிச்சம் வந்து வந்து போயிற்று. மாமி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தார்.

"என்னடி, எதையாவது மறந்துட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். என் வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் மத்தியானம் சுட்டுக்கொண்ட புதுக் கொப்புளம் ஒன்று இருந்தது. மாமி அதைப் பார்த்துவிட்டார். விரலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய், உன் அலமாரியைத் திறந்து, நீ போட்டிக்குக் கொண்டுவரும் அதே மருந்தின் பாதி தீர்ந்த ட்யூப் ஒன்றை எடுத்தார்.